ஆடு வகையறா

உச்கயிங் வட்டாரக் கால்நடை நோய்த்தடுப்பு நிலையத்தில் ஒரு காலத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதற்குள் ஊசிமருந்து இருந்தது. பெட்டியின் சாவியை வைத்துக்கொண்டு ஓர் ஆள் இருந்தார். ஆட்டைக் கொண்டுபோனால் ஊசி போடுவார். அவர் ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருந்தால் மறுநாள் போடுவார். இப்படி எந்த முறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்த நிலையத்துக்கு பால்தபாய் முகம்பெத்தொவிச் இயக்குநராக வந்து சேர்ந்தார். வந்த சூட்டோடு தலைநகருக்குப் போய், உடம்பு நோயை எப்படி எதிர்க்கிறது என்று ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் கேட்டவர் அவர் ஒருவர்தானாம். அதுதான் வினையாகப் போயிற்று.

திரும்பி வந்ததும் ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"நம்ம உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு, தெரியுமா? அதுல ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் தொடமாட்டான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரே ஒரு எதிரியத்தான் தெரியும். வேற எதிரி பக்கத்துல வந்து உக்காந்து டீ குடிச்சாலும் திரும்பிப் பாக்கமாட்டான். அதுக்குப் பேருதான் ஒழுக்கம்! இனிமே நம்ம நிலையமும் ஓர் உடம்பு. ஆனா ஒண்ணு, உடம்புக்குள்ள இயக்குநர்னு யாருமே கிடையாது. அந்தக் குறைய மட்டும் நான் நிவர்த்தி பண்றேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். சாவிக்காரருக்கு ஓய்வு கொடுத்தார்கள். சாவி எங்கே போனது என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் சபிர்குலுக்குத் தெரியாது. அவன் மலைமேல் ஆடு மேய்க்கிறவன். கோடை முடிகிற நேரத்தில் அவனுடைய பழுப்புநிறப் பெண்ணாட்டுக்கு வாலடியிலும் வாயோரத்திலும் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. அம்மை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்த ஆட்டின்மேல் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். பனிப்புயலில் பிறந்த குட்டி அது. மேல்கோட்டுக்குள் போட்டு வளர்த்தான். ஆனால் இப்போது மற்ற ஆடுகளும் இருக்கின்றனவே. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் பட்டியே காலியாகிவிடும். பட்டி காலியானால் அவனுக்கும் மனைவி ஜிபாருக்கும் குளிர்காலத்தில் அடுப்பு எரியாது.

"இத இங்க வச்சிருக்காதீங்க. தூக்கிட்டுக் கீழ போங்க. இதுக்கு மருந்து போட்டுட்டு, மத்ததுக்குத் தடுப்பூசி வாங்கிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவீங்கல்ல?" என்றாள் ஜிபார்.

"அதுக்கு முன்னாடியே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சபிர்குல் இறங்கினான்.

நிலையத்தின் வாசலில் சதார் என்ற காவலர் நின்றிருந்தார். சதார் எதையும் எழுதிவைத்துக்கொள்ள மாட்டார். ஒரு தடவை காதில் விழுந்தது செத்தாலும் மறக்காது. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"நம்ம ஆளா, அயலா?" என்றார் சதார்.

"நம்ம ஆளுதான்ணே. மேல மேய்ச்சல்ல இருக்கேன்."

"அத நீங்க சொல்லக் கூடாது. ஏழு தகப்பன் பேரச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைச் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை அந்தப் பக்கத்தில் கிடையாது. சபிர்குலும் கடகடவென்று ஆரம்பித்தான். "தோக்தோசுன், அவரு அப்பா மாம்பெத், அவரு அப்பா இசாக், ஜன்தாய், போரோம்பாய், கொம்பன்..."

"நில்லுங்க. கொம்பனா?"

சபிர்குலுக்கு வேர்த்துவிட்டது. அந்த ஆறாம் தகப்பனாரின் உண்மைப் பெயர் கோச்கோர். கோச்கோர் என்றால் கிடா. கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது வழக்கம். அதனால் அந்த வீட்டுப் பெண்களுக்குப் பட்டியில் நிற்கிற கிடாவைக்கூட கிடா என்று சொல்ல வழியில்லை. கிடாவுக்கும் கொம்பன் என்றே பெயர், பாட்டனாருக்கும் கொம்பன் என்றே பெயர். அப்பா எந்நேரமும் மலையில் கிடந்ததால் சபிர்குல் தகப்பன்மார் வரிசையை அம்மாவிடம்தான் படித்தான். பதற்றத்தில் நாக்கு அம்மா சொல்லிக்கொடுத்ததையே சொல்லிவிட்டது.

"அப்படி ஒரு மனுஷன் இந்த வட்டாரத்துல பொறக்கல" என்றார் சதார். "சரி, ஆட்டோட ஏழு தகப்பன்?"

"ஆட்டுக்குமாண்ணே?"

"நோய் யாருக்கு? ஆட்டுக்குத்தான?"

சபிர்குல் யோசித்து யோசித்துச் சொன்னான். "இதோட அப்பன் கறுப்பு. அதுக்கு அப்பன் கிழிஞ்சகாது. அதுக்கு அப்பன வித்துட்டோம், பேரு மொட்டை. அதுக்கு அப்பன என் கல்யாணத்துக்கு அறுத்தோம், அது செம்பட்டை. அதுக்கு அப்பன் சாம்பல், ஓநாய் தின்னுடுச்சு. அதுக்கு அப்பன்... அம்மா எப்பவும் சொல்லும், கொம்பன். அதுக்கு அப்பன் வடக்கு மலையிலேர்ந்து வந்தது, நொண்டி."

சதார் கண்ணை மூடி ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சுத்தமான வரிசை. ஆடு நம்ம ஆடு. அதுக்கு இங்க வேலையில்ல, வெளிய நிக்கட்டும். நீங்க அயல். நீங்க உள்ள போகலாம்."

"நோய் ஆட்டுக்குண்ணே!"

"நம்ம ஆளுக்கு நோய்த்தடுப்பு நிலையத்துல என்னங்க வேலை? அயலானப் புடிக்கத்தான நிலையமே இருக்கு?" சதார் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. உங்க ரெண்டு பேருக்கும் ஆறாம் தகப்பன் ஒரே ஆளா இருக்காரு. அத நான் மறக்கமாட்டேன்."

கடைசியில் ஆட்டைச் சபிர்குலின் கைச்சாமான் என்று வைத்துக்கொள்ளலாம் என ஒருவழியாக முடிவாயிற்று. அயலானும் அவனுடைய சாமானும் உள்ளே போனார்கள்.

உள்ளே ஒரு நீளமான கூடம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேசைகள். மேசைக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு கிண்ணம் டீ. சபிர்குல் முதல் மேசையில் ஆட்டின் வாலைத் தூக்கிக் காட்டினான்.

"என்னோடது இல்ல" என்றார் அதிகாரி.

"இது என்ன நோய்னு..."

"எனக்குத் தெரியாது. என்னோடது இல்லன்னு மட்டும் தெரியும்."

இரண்டாவது மேசையிலும் அதே பதில். பத்துப் பன்னிரண்டு மேசை தாண்டியதும் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு உட்காரச் சொன்னார்.

"நான் திமிங்கில நோய்க்கான ஆளுன்னு நெனைக்கிறேன்" என்றார் அவர்.

"நமக்குக் கடலே கெடையாதே அண்ணே."

"அதான் இத்தன வருஷமா சும்மா இருக்கேன். எங்க யாருக்கும் எங்க நோய் எதுன்னு சொல்றதில்ல தம்பி. சீட்டுக் குலுக்கிப்போட்டு ஆளுக்கு ஒண்ணு ஒதுக்குவாங்க. நம்மளோடது என்னிக்காவது வரும். வந்தா நெஞ்சு துள்ளும், அப்பத்தான் தெரியும். இதுவரைக்கும் வந்த எதுக்கும் எனக்குத் துள்ளல. அப்ப மிச்சம் என்ன இருக்கு? திமிங்கிலம்தான்." அவர் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "ஆமா, நீ பாட்டுக்கு முழு ஆட்டத் தூக்கிட்டுச் சுத்துறியே. முழு ஆடு எங்க கண்ணுக்குத் தெரியாது. காட்டுநர் வந்து, கடுகளவு கிள்ளி, நம்ம நிலையத்துக் கிண்ணத்துல வச்சுக் காட்டணும். வேற கிண்ணத்துல வச்சாக்கூடத் தெரியாது."

"நான் நிக்கிறது தெரியுதாண்ணே?"

"குரல் கேக்குது" என்றார் திமிங்கில அதிகாரி மரியாதையாக.

காட்டுநர் ரிஸ்கெல்தி சமையற்கட்டில் கிடைத்தார். எல்லா இடத்திலும் சுற்றித் திரிந்து, கண்டதையும் கிள்ளிக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவது அவர் வேலை. கையில் நீலப்பூப் போட்ட நிலையத்துக் கிண்ணம், மறுகையில் கத்தரிக்கோல். சபிர்குல் குனிந்து ஆட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் வாலடிக்குப் போன நேரத்தில் ஆடு பின்னங்காலால் ஓர் உதை விட்டது. ரிஸ்கெல்தி தடுமாறி, எட்டிய இடத்தில் கத்தரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, அது என் தொப்பி!" என்று கத்தினான் சபிர்குல். வெள்ளைத் தொப்பியின் ஓரத்தில் ஒரு சிட்டிகை போயிருந்தது.

"வெள்ளையா இருக்கு, கம்பளியா இருக்கு. ஆட்டுலேர்ந்து வந்ததுதான?"

"எல்லாத் தொப்பியும் ஆட்டுலேர்ந்து வந்ததுதான்ணே! நோய் அதுல இல்ல."

"தம்பி, காட்டுறது என் வேலை. என்னன்னு தெரிஞ்சுக்கிறது என் வேலை இல்ல. அதத் தெரிஞ்சுக்கிட்டா எனக்கு ரெண்டு சம்பளம் தரணும், தரமாட்டாங்க."

கிண்ணம் மேசை மேசையாகப் போயிற்று. என்னோடது இல்ல, என்னோடது இல்ல. கூடத்தின் கடைசி மூலையில் தோய்ச்சுபெக் என்று ஒருவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாத மனிதர். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து நின்றார். கண்ணில் நீர் முட்டியது.

"என்னோடது!" என்றார். "யப்பா, இது என்னோடது!"

கூடமே எழுந்து கை தட்டியது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். இந்த அதிகாரிகளைத் தேர்வு செய்வதற்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார் இயக்குநர். நூறு பேர் சேர்ந்தால் இரண்டு மூன்று பேர் தேறினால் அதிகம். மாணவன் முன்னால் ஒரு மேசை போட்டு, நம்முடைய பொருள்களை ஒவ்வொன்றாக வைப்பார்கள். சேணம், சவுக்கு, டீக்கிண்ணம், இயக்குநரின் புகைப்படம். எதையாவது பார்த்து நெஞ்சு துள்ளினால், சொந்தத்தையே எதிரியாக நினைக்கிறவன் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புகைப்படத்தில் தோற்றவர்கள்தான் அதிகம். எல்லாப் பொருளையும் வைத்தார்கள், வெள்ளைத் தொப்பியை மட்டும் வைக்கவில்லை. தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றிக் கண்டவன் முன்னால் மேசையில் வைக்கிற ஆண்பிள்ளை உச்கயிங்கில் எவன் இருக்கிறான்? பரிசோதகர்கள் எல்லோரும் அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினார்கள். தலையில் இருந்தது எவனுக்கும் கிண்ணத்தில் வைத்துக் காட்டப்படவில்லை. தோய்ச்சுபெக் முதல் வகுப்பில் தேறினார்.

நெஞ்சு துள்ளியது மட்டும் போதாது. அதிகாரியின் தோளில் ஒருவர் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டு விழாவிட்டால் துள்ளினவர் அப்படியே தூங்கிப்போக வேண்டும், பிறகு எழுப்பக் கூடாது என்பது விதி. அப்படித் தூங்குகிறவர்கள் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். தோள்தட்டுவதற்கென்று ஓர் அம்மா உண்டு. ஒரு விருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள், கைப்பையோடு வந்து நின்றாள்.

"ஆபத்து இருக்கா, இல்லையா? இருந்தாத் தட்டுவேன். இல்லன்னா நான் கெளம்புறேன், கறி ஆறிடும்."

சபிர்குலுக்கு மேலே பட்டியில் நிற்கிற ஆடுகள் நினைவுக்கு வந்தன. ஜிபார் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இருக்கும்மா! பெரிய ஆபத்து! சீக்கிரம் எதையாவது பண்ணுங்க!" என்று கெஞ்சினான்.

அம்மா தோய்ச்சுபெக்கின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விருந்துக்குப் போனாள்.

"இப்ப ஊசி போடுவீங்களா?" என்று கேட்டான் சபிர்குல்.

"இப்ப நான் பெருகணும்" என்றார் தோய்ச்சுபெக். கைபேசியை எடுத்து ஊருக்குப் பேசினார். அவருடைய அண்ணன் தம்பிகள், சித்தப்பா பெரியப்பா மகன்கள், மச்சான்கள், மச்சானின் மச்சான்கள் எல்லோரும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஒரே மூக்கு, ஒரே நடை, எல்லோருக்கும் ஒரே ஒரு எதிரியைத்தான் தெரியும். உச்கயிங்கில் வேலைவாய்ப்பு இந்த அளவுக்குப் பெருகியது சரித்திரத்திலேயே அப்போதுதான். வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து மரக்கவட்டை சீவினார்கள். கவட்டையின் இரண்டு கிளையும் எதிரியைக் கவ்விக்கொள்ளும், காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காம்பைப் பிடித்து எதிரியை வாயில் போட்டுக்கொள்ள விழுங்குவோர் பிரிவு என்று ஒன்று சமையற்கட்டில் தயாராக இருந்தது. அதுவரை அவர்கள் பொரித்த ரொட்டியை விழுங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் நாள் பிடித்தது. அதுவரை அயலானை வெளியே விடக் கூடாது என்று சதார் சொல்லிவிட்டார். இயக்குநர் ஒருநாள் முற்றத்துக்கு வந்தார்.

"ஐயா, ரொம்ப நாளாகுது. வீட்டுல மத்த ஆடெல்லாம் என்ன ஆச்சோ. என்னை விட்டுடுங்கய்யா" என்றான் சபிர்குல்.

"முதல் தடவை மெதுவாத்தான் இருக்கும்ப்பா. அது இயற்கையோட சட்டம். ரெண்டாந்தடவ வந்து பாரு எங்க வேகத்த! ஒரு தடவ பாத்தத இந்தப் படை ஆயுசுக்கும் மறக்காது."

"முதல் தடவையிலயே ஆடு செத்துட்டா?"

"செத்தா ரெண்டாந்தடவைக்கு வேற ஆடு கொண்டா" என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு.

சபிர்குல் கொட்டகையில் ஆட்டோடு படுத்துக்கிடந்தான். அயலானை வெளியே விடக் கூடாது என்று சதார் சொல்லிவிட்டார். ஆட்டுக்குக் காய்ச்சல் கொதித்தது. அது தலையைத் தூக்கவில்லை. உப்பைக் கையில் வைத்து நீட்டினான், நக்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். பக்கத்தில் தோய்ச்சுபெக்கின் சொந்தக்காரர்கள் கவட்டை சீவிக்கொண்டே பாட்டுப் பாடினார்கள். இரண்டாவது வாரம் முடிகிறபோது ஆடு தண்ணீர் குடித்தது. அப்புறம் ஒரு பிடி புல். தடிப்புகள் காய்ந்து பொருக்குத்தட்டின. ஒரு காலையில் அது எழுந்து நின்று சபிர்குலின் முகத்தை நக்கியது. பொருக்கு உதிர்ந்திருந்தது. இத்தனை நாளும் அதன் தோலுக்குள்ளே ஏதோ ஒரு படை சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. அதில் யார் பெருகினார்கள், யார் தோளை யார் தட்டினார்கள் என்று ஒருவரும் அறிக்கை கொடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் நிலையத்தில் கவட்டைகள் தயார் என்று அறிவித்தார்கள். முற்றத்தில் மேடை போட்டு, ஊரைக் கூட்டி, இயக்குநர் பேசினார். தலையில் கரைபோட்ட புத்தம்புது வெள்ளைத் தொப்பி.

"பெரியோர்களே! நம்ம படை குருடு இல்ல. எது சொந்தம், எது அயல்னு நமக்குத் தெரியும். நம்ம கண்ணுக்கு எதிரி தப்பமாட்டான், அவன் எவ்வளவு உயரத்துல உக்காந்திருந்தாலும் சரி!"

தோய்ச்சுபெக் அவரை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சு துள்ளியது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் துள்ளியது. ஓவென்று சத்தம் போட்டுக்கொண்டு மேடைமேல் பாய்ந்தார்கள். முதல் கவட்டை இயக்குநரின் தொப்பியைக் கவ்வியது. அடுத்தது முன்வரிசைப் பெரியவர்களின் தொப்பிகளை. அப்புறம் கூட்டத்தில் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம்.

"டேய், நான் நம்ம ஆளுடா!" என்று அலறினார் இயக்குநர்.

"ஏழு தகப்பன் சொல்லுங்க" என்றார் சதார்.

இயக்குநர் தலையில் கவட்டைகளோடு ஏழையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒரு பிழை இல்லை.

"வரிசை சுத்தம். நீங்க நம்ம ஆளு. தொப்பி அயல்" என்றார் சதார்.

விழுங்குவோர் பிரிவு சமையற்கட்டிலிருந்து வந்தது. கடமை கடமைதான். காம்பைப் பிடித்து ஒவ்வொரு தொப்பியாக வாயில் போட்டு மென்றார்கள். இயக்குநரின் தொப்பி கரை போட்டது, இறங்கவில்லை. டீ கேட்டு வாங்கி நனைத்து விழுங்கினார்கள். போதும் என்று நிறுத்தச் சொல்ல வேண்டியது தோள்தட்டும் அம்மாவாம். அவள் விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு விருந்துக்கு அழைத்திருந்தார்கள்.

சபிர்குலின் தொப்பியும் போயிற்று. வெறுந்தலையோடு, ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். யாரும் தடுக்கவில்லை. தொப்பி இல்லாத மனிதன் அன்றைக்கு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

மலைமேல் ஜிபார் பட்டி வாசலில் நின்றிருந்தாள். மற்ற ஆடுகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோய்கொண்டதை அவன் கீழே தூக்கிக்கொண்டு போய் அங்கேயே கிடந்ததில் இவை தப்பிவிட்டன. நிலையத்தால் வட்டாரத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

"சாயங்காலத்துக்குள்ள வரேன்னீங்க" என்றாள் ஜிபார். அப்புறம் ஆட்டின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். "அட, நல்லாயிடுச்சே! என்ன மருந்து போட்டாங்க?"

"ஒண்ணும் போடல. அதுவே பாத்துக்கிச்சு."

"அப்ப நீங்க எதுக்கு அங்க இருந்தீங்க?"

"என்னை அயல்னுட்டாங்க" என்றான் சபிர்குல். ஆடு செத்திருந்தால்கூட இந்த அளவுக்கு வலித்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. ஏழு தலைமுறை மிதித்த மண்ணில் ஒருவன் ஆட்டைவிடக் கீழாகப் போனால் என்னதான் மிச்சம்? ஜிபார் அந்த ஆட்டின் கம்பளியைக் கத்தரித்து, வெந்நீர் விட்டு உருட்டி உருட்டி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவனுக்குப் புதிதாக ஒரு வெள்ளைத் தொப்பி செய்துகொடுத்தாள். பழுப்பாட்டின் வயிற்றுப் பக்கம் மட்டும் வெள்ளை. அதைச் சேர்க்கத்தான் அவ்வளவு நாள்.

வசந்தத்தில் பனி உருகியதும் சபிர்குல் அதை முதன்முதலாகத் தலையில் வைத்துக்கொண்டு பட்டியைத் திறந்தான். கீழே பள்ளத்தாக்கில் தூசி கிளம்பியது.

"என்னது அது?" என்றாள் ஜிபார்.

சபிர்குல் உற்றுப் பார்த்தான். ஒரே மூக்கு, ஒரே நடை. கையில் கவட்டைகள். தோய்ச்சுபெக்கும் அவருடைய மொத்த உறவும் மலையேறி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் பொய் சொல்லவில்லை. இரண்டாம் தடவை உண்மையிலேயே வேகம்.

"ஐயையோ, தொப்பியக் கழட்டுங்க!"

கழற்றிவிட்டான். ஆனால் எங்கே வைப்பது? தொப்பியைத் தரையில் வைக்கக் கூடாது. தலை இருக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும். சபிர்குல் ஒரு கணம் தவித்தான். பிறகு பக்கத்தில் நின்ற பழுப்பாட்டின் தலையில் அதை வைத்தான்.

படை வந்து சூழ்ந்துகொண்டது. கவட்டைகள் உயர்ந்தன. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த சதார் கையை நீட்டினார்.

"நில்லுங்கடா! இந்த ஆட எனக்குத் தெரியும். கறுப்பு, கிழிஞ்சகாது, மொட்டை, செம்பட்டை, சாம்பல், கொம்பன், நொண்டி. நம்ம ஆடு. மனுஷன் தலையில இருந்தாத்தான் அயல், நம்ம ஆடு தலையில இருந்தா அது நம்ம தொப்பி."

தோய்ச்சுபெக் ஏமாற்றத்தோடு கவட்டையைத் தாழ்த்தினார். படை ஆட்டுக்கு வணக்கம் சொன்னது.

"சரி, பக்கத்துல வெறுந்தலையா நிக்கிறானே, இவன் யாரு?" என்றார் தோய்ச்சுபெக்.

சதார் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. ஜிபார் சபிர்குலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தோக்தோசுன், மாம்பெத், இசாக், ஜன்தாய், போரோம்பாய், கொம்பன்" என்றார் சதார். சட்டென்று கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்தது. "அதான! அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம். ஆட்டுக்கும் இவனுக்கும் ஆறாம் தகப்பன் ஒரே ஆளு. கொம்பனோட வம்சம்!" அவர் சபிர்குலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? நீ நம்ம ஆளு."

அன்றிலிருந்து உச்கயிங் வட்டாரத்தில் சபிர்குலை அயலான் என்று யாரும் சொல்வதில்லை. வாசலில் அவனைக் கண்டதும் சதார் மற்றவர்களுக்குச் சத்தமாக அறிவிப்பார்: "வழி விடுங்க. சபிர்குல், ஆடு வகையறா."